தலைவிதியா? எர்த் கம்பியா?

மருத்துவமனைக்குப் புதிய கருவி வருகிறது. மாலை விழுகிறது, படம் எடுக்கிறார்கள், கைதட்டல் காதைப் பிளக்கிறது. ஆயுத பூசை வந்தால் அதே கருவிக்குச் சந்தனமும் குங்குமமும்! பொட்டு வைத்தார்கள், சரி. மானி வைத்துப் பார்த்தார்களா? அதைக் கேட்பார்தான் இல்லை!

எதைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களா, தோழர்களே? மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியிலும் சிறிதளவு மின்சாரம் கசியும். எர்த் கம்பி உறுதியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். கம்பி அறுந்திருந்தால்? மூன்றாவது முள் முறிந்த பிளக்கை அப்படியே செருகியிருந்தால்? கருவியோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கும் நோயாளியின் உடலே கம்பியாகிவிடக் கூடும்!

நமக்குத் தோல் ஒரு கவசம். கையால் தொட்டு உணர ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் வேண்டும். இதயம் வரை கம்பி செலுத்தப்பட்டுப் படுத்திருப்பவனுக்கு அந்தக் கவசம் ஏது? ஆகவேதான் இதயத்தோடு நேரே இணையும் கருவிகளில், பழுதில்லாத நிலையில், நோயாளியின் உடலில் பாயும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வரையறுத்தது. நாம் உணரும் அளவில் நூற்றில் ஒரு பங்கு! "தொட்டுப் பார்த்தேன், ஷாக் அடிக்கவில்லை" என்பது சோதனை ஆகுமா?

இதிலே பெருங்கொடுமை, இத்தகைய தாக்குதல் தழும்பு வைப்பதில்லை. இதயம் நின்றது என்று ஏட்டில் எழுதுவர்; தலைவிதி என்று வீட்டார் அழுவர்; கருவி அடுத்த கட்டிலுக்குப் போகும்!

அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டு, நுகர்வோர் உரிமைக்குப் போராடிய ரால்ஃப் நாடர், ஆண்டுதோறும் 1,200 பேராவது மருத்துவமனைகளில் மின்சாரத்துக்குப் பலியாகிறார்கள் என்று எழுதினார். நாடே அதிர்ந்தது. அந்தக் கணக்கு பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் விளைந்த நன்மை மெய்! மருத்துவமனைகளில் பொறியாளர்கள் அமர்த்தப்பட்டனர். கருவிகளைச் சோதிப்பது வழக்கமாயிற்று. செத்தவர் கணக்கு கிடைக்கட்டும் என்று காத்திருப்பதல்ல பகுத்தறிவு. சாவு வரும் வழியை அடைப்பதே பகுத்தறிவு!

இங்கே என்ன நிலை? 2015-இல் தொடங்கிய கருவிப் பராமரிப்புத் திட்டத்துக்காக ஒன்றிய அரசு 29 மாநிலங்களில் 7,56,750 கருவிகளைக் கணக்கெடுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை இயங்காமல் கிடந்தன! ஓடாத கருவி கண்ணுக்குத் தெரிகிறது. ஓடிக்கொண்டே கசியும் கருவி? ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. கசிகிறதா என்பது வேறு கேள்வி.

முறை தெரியாமலா இருக்கிறோம்? பயன்பாட்டுக்கு வருமுன் சோதி, காலமுறையில் சோதி, பழுது பார்த்த பின் மீண்டும் சோதி என்று 2007-இலேயே பன்னாட்டு விதிமுறை வந்துவிட்டது. எர்த் கம்பியின் தடை எவ்வளவு, கசிவு எவ்வளவு என்று அளந்து, தேதியிட்டுச் சீட்டு ஒட்டுவது மலையைப் பெயர்க்கும் வேலையா? மருத்துவமனைகள் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. தில்லியைக் கைகாட்டித் தப்பவும் முடியாது. வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, சோதிக்கவும் ஒதுக்க வேண்டும். அதற்கென ஆட்களை அமர்த்த வேண்டும்.

தோழர்களே! நம் தாயும் தந்தையும் படுக்கும் கட்டில் அது. கருவியில் கை வைக்காதீர்கள். அது பயின்றவர் வேலை. ஆனால், "கடைசியாகச் சோதித்தது எப்போது? சீட்டு எங்கே?" என்று கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஏழையைக் காப்பது விதி அல்ல, விதிமுறை!