எலும்புக்குள் ஓர் ஆலை

டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்காத வீடு இல்லை. நலமாக நடமாடும் தொழிலாளியிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இவ்வாலைப் பகுதியில் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பது நம் கருத்து.

காயம்பட்ட இடத்தை அடைத்துக் குருதியை உறையச் செய்பவை பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. அவற்றின் வாழ்நாளோ 7 முதல் 10 நாட்களே. ஆகவே நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்கள் புதிதாகப் பிறந்தாக வேண்டும்.

பிறப்பிடம் எலும்பு மச்சை. அங்குள்ள மெகாகேரியோசைட் என்னும் பேரணுக்களே தட்டணுக்களின் தாய் என்று 1906இல் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். மச்சையின் குருத்தணு படிப்படியாக மாறிப் பேரணுவாகிறது. பிற அணுக்கள் மரபுப்பொருளை இரட்டித்ததும் இரண்டாகப் பிரியும். இதுவோ பிரியாமலே அதனை 16 மடி, 32 மடி, சிலபோது 64 மடி வரை பெருக்கிப் பருக்கும். முதிர்ந்தபின் குருதிக் குழாய்ச் சுவரின் வழியே நீண்ட இழைகளை நீட்டும். ஓடும் குருதியில் அவ்விழைகள் துண்டுபட்டுத் தட்டணுக்களாகும். ஒரு பேரணு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஈனும்.

ஆக்கத்தின் அளவை நெறிப்படுத்துவது, பெரும்பாலும் கல்லீரல் சுரக்கும் திராம்போபொயட்டின். தட்டணுக்களே அதனை உறிஞ்சிக்கொள்கின்றன. அவை குறைந்தால் சுரப்பு மிஞ்சி மச்சையை முடுக்கும். மிகுந்தால் மச்சை தணியும். மேற்பார்வையாளர் இன்றியே இயங்கும் ஒழுங்கு இது!

இவ்வொழுங்கைக் குலைக்க வல்லது பென்சீன். பெட்ரோலிலும் கச்சா எண்ணெயிலும் இருக்கும் இப்பொருள் ஆவியாகி மூச்சில் புகும். நெடுநாள் மிகுதியாகப் புகுந்தால் குருத்தணுக்களையே தாக்கும். தட்டணுக் குறைவும் குருதிச்சோகையும் விளையும். இரத்தப் புற்றுநோயும் நேரலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே பென்சீன் நச்சுநிலையை அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. சாலைகளில் டேங்கர் லாரிகள். வழியெங்கும் பெட்ரோல் நிலையங்கள். 2017 சனவரி 28இல் எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், அதனை வாரி அள்ளியவை பெரிதும் மனிதக் கைகளே. அள்ளியவர் அனைவரும் நோயுறுவர் என்று நாம் சொல்லவில்லை. தட்டணுக் குறைவுக்குக் காய்ச்சல், மருந்து எனக் காரணங்கள் பலவாம். ஆயின் மச்சை நோவெடுத்து முறையிடாது. ஈறில் குருதி கசிந்து, தோலில் செம்புள்ளி தோன்றும்போது காலம் கடந்திருக்கலாம்.

ஆதலால் எண்ணெயோடும் அதன் ஆவியோடும் உழைப்போர்க்கு, ஒப்பந்தக் கூலியாள் உட்பட, ஆண்டுக்கொருமுறை முழுக் குருதி எண்ணிக்கை பார்க்கப்பட வேண்டும். ஒருமுறை பார்ப்பது போதாது. சென்ற ஆண்டு எண்ணோடு இவ்வாண்டு எண்ணை ஒப்பிட்டாலே சரிவு புலப்படும். அவ்வேடு தொழிலாளியின் கையில் இருத்தல் வேண்டும். "குறை தெரிந்தால் வேலை போய்விடுமே" என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொய்யன்று. எனவே சோதனையால் எவரும் பிழைப்பை இழவாதிருக்க உறுதி அளிப்பதும், வேறு பணிக்கு மாற்றுவதும் நிருவாகத்தின் கடமையாதல் வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. ஆபத்துப் பொருள்களைப் பற்றிய அறிவிப்புகளை, கையெழுத்து மட்டும் அறிந்தவரும் கேட்டுணரும் எளிய தமிழில் எழுதித் தருவது தமிழ் பயில்வோர்க்கு ஏற்ற தொண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஆலையினரிடம் பேசினால் அச்சொல் எடுபடும். வெளியே உள்ள ஆலையின் சக்கரம் பழுதுபட்டால் மாற்றிவிடலாம். எலும்புக்குள் ஓடும் ஆலைக்கு அத்தனை எளிதில் மாற்றில்லை. அதனைக் காக்கும் பொறுப்பை இவ்வாண்டே தொடங்குவோமாக.