விட்டுக்கொடுத்தல் ஒன்றே வழியா?



மனத்தாங்கலுடன் கணவனும் மனைவியும் பங்கு இல்லத்திற்கு வந்தபோதெல்லாம், "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்றே பல ஆண்டுகள் அறிவுரை கூறி அனுப்பினேன். அதைக் கேட்டுத் தலையசைத்தவர் பெரும்பாலும் மனைவியே. அது குறையுள்ள அறிவுரை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கருத்து வேறுபாட்டை மனிதர் எதிர்கொள்ளும் வழிகளை ஐந்தாக வகுத்து, 1974-இல் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். தன் எண்ணத்தை நிலைநாட்டல், பணிந்து போதல், ஒதுங்கி நிற்றல், ஆளுக்குப் பாதியாய் இசைதல், இருவர் தேவையும் நிறைவேற ஒன்றாய் வழி தேடல் என்பவையே அவ்வைந்து. ஒவ்வொன்றிற்கும் உரிய வேளை உண்டு. ஒன்றையே எப்போதும் பற்றிக்கொள்வதால்தான் இல்லம் துன்புறுகிறது.

குழம்பில் புளி கூடியதற்குப் பணிந்து போகலாம். சினம் பொங்குகையில் ஒதுங்குவது நன்று. ஆயினும், "இரவு உணவுக்குப் பின் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டு ஒதுங்குங்கள். இன்றேல் மௌனமே தண்டனையாகிவிடும். வீட்டுப் பணம் குடியில் கரைகிறதெனில், உறுதியாய் நிற்பதே அன்பு. கிறிஸ்து பிறப்பு விழாவை ஓராண்டு கணவர் வீட்டிலும் மறு ஆண்டு மனைவி வீட்டிலும் கொண்டாடலாம்.

பாதியாய்ப் பிரிக்க இயலாதவையும் உண்டு. தங்கையின் திருமணத்திற்காக மனைவியின் நகையை அடகு வைக்க விரும்பினார் ஒரு கணவர். மனைவி மறுத்தார். மூன்று வாரம் பேச்சில்லை. "வேண்டும், வேண்டாம் என்பதை விடுத்து, ஏன் என்று ஒருவரையொருவர் கேளுங்கள்" என்றேன். தந்தையற்ற தங்கையைக் கைவிட்டவன் ஆவேனோ என்பது அவர் அச்சம். முன்பு அடகு போன வளையல் மீளவே இல்லை என்பது அம்மையாரின் வேதனை. அது தெரிந்தபின் வழி பிறந்தது. நகை பெட்டியிலேயே இருந்தது. கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றார். தவணைக் கணக்கை மனைவி எழுதி வந்தார்.

ஒன்றை வலியுறுத்துகிறேன். கை ஓங்கும் இடத்தில் நிகழ்வது கருத்து வேறுபாடன்று, கொடுமை. அங்கே பணிந்து போகுமாறு எவரும், குருவானவரேயாயினும், சொல்லலாகாது. அப்பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

பொழுது சாயுமுன் சினம் தணியட்டும் என்பது எபேசியருக்குப் புனித பவுலடியார் கூறிய அறிவுரை. இன்றிரவு செபமாலை முடிந்ததும், நெடுநாளாய்த் தீராத ஒன்றைக் குறித்து, "ஏன்?" என்று துணைவரிடம் கேளுங்கள். விடையை இடைமறிக்காமல் கேளுங்கள். ஆண்டவர் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக!