வாசலில் நின்ற கூத்தன்

பதினான்கு ஆண்டுகள் ஒரே யாப்பிலக்கணத்தைக் கற்பித்தவனுக்கு என்ன நேரும் என்பதை அறிய விரும்புவோர் என்னிடம் வரலாம். தேமா, புளிமா என்று நான் கரும்பலகையில் எழுதுவேன்; மாணவர் கொப்பியில் எழுதுவர்; மணி அடிக்கும். பின்வரிசையில் உறங்கும் மாணவனை எழுப்ப மனமின்றி, அவன்மீது பொறாமை கொண்ட நாள்களும் உண்டு.

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றில் பிறந்தவன் நான். தாய்மாமன் வடமோடிக் கூத்தர். இளமையில் நானும் களரியில் சதங்கை கட்டி ஆடியிருக்கிறேன். ஆயினும், அந்தக் கூத்தனைப் பாடசாலை வாசலிலே நிறுத்திவிட்டு வருவதே ஆசிரியனுக்கு அழகு என்று எண்ணியிருந்தேன். ஒருநாள், அளவொத்த நான்கு அடிகளால் வருவது ஆசிரிய விருத்தம் என்று கூறிக்கொண்டிருக்கையில், மாமன் களரியில் இழுத்துப் பாடும் விருத்தமொன்று என்னையறியாமலே வாயில் வந்துவிட்டது. வகுப்பு நிமிர்ந்தது. மீண்டும் பாடி, குரல் தங்கும் இடங்களை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். சீர் பிரிவது எங்கேயென்று நான் கூறுமுன் அவர்களே கூறினர். மறுவாரம் மத்தளமும் வகுப்புக்கு வந்துவிட்டது.

இது நான் கண்ட புதுவழியன்று. பேராதனையில் தமிழ் கற்பித்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தாமே நாடகங்கள் எழுதி மாணவரை நடிக்கச் செய்தவர். அவர் வழியில் வந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலிவதை எனத் தம் மாணவரையே ஆடவைத்தார். விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து, தாமும் பேராசிரியரானார். ஓர் ஆசிரியரின் காதல் இவ்வாறு தலைமுறை கடந்தது.

கூத்து பரீட்சையில் புள்ளி தருமோ என்று சக ஆசிரியர் கேட்டனர். நியாயமான கேள்வியே. என் பிழையையும் மறைத்தல் தகாது. அவ்வாண்டு யாப்பு முடிந்த பின்னரும் மத்தளத்தைக் கீழே வைக்க மறந்தேன். நாவல் பகுதி அரைகுறையாய் நின்றது. “சேர், நீங்க பாடுறது நல்லாத்தான் இருக்கு. நாவலை எப்ப படிப்பிப்பீங்க?” என்று ஒரு மாணவி பணிவாகக் கேட்டாள். கன்னத்தில் அறைந்தாற்போலிருந்தது. என் இன்பத்துக்காக மாணவரை வெறும் சபையோராக்கியிருந்தேன். மூன்று சனிக்கிழமைகள் மேலதிக வகுப்பு வைத்து அந்தக் கடனைத் தீர்த்தேன்.

ஆயினும், மத்தளத்தை வீட்டுக்குத் திருப்பியனுப்ப நான் உடன்படவில்லை. ஆசிரியனின் பித்து பாடத்தினுள்ளே புகுந்து வேலை செய்தல் வேண்டும். பாடத்தை மேடையாக்கி அதன்மேல் ஏறி நிற்றலாகாது என்பதே என் துணிபு. நேரசூசியும் மேலதிகாரிகளின் படிவங்களும் அதற்கு இடமளிப்பதில்லை என்பர். என்னை உலர்த்தியவை அவையல்ல; வாசலில் நான் நிறுத்திவைத்த என் கூத்தனே.

பக்கத்து வகுப்பின் கணித ஆசிரியர் வடமராட்சிக்காரர். பட்டம் கட்டுவதிலே பித்துக் கொண்டவர். முச்சையும் வாலும் கோணமும் நிறையும் அவருக்கு விரல்நுனியில். மாணவரிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லையாம். கடற்கரையில் ஒரு மாலை அவர் பட்டம் ஏற்றுவதைக் கண்டேன். அத்தகைய முகத்தை எங்கள் ஆசிரியர் அறையிலே நான் ஒருநாளும் கண்டதில்லை.