கட்டுச்சோற்றுக்கு ஓரிடம்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க நெருங்க எனக்கு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகள் பெருகும். முன்பெல்லாம் வீதி திறந்திருக்கிறதா, சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் மறிப்பார்கள் என்று கேட்பார்கள். இவ்வாண்டு ரொறன்ரோவிலிருந்து மருமகள் கேட்ட கேள்வி வேறு.

"மாமா, பிள்ளையளை இயக்கச்சி றீச்சாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறம். மத்தியானம் எங்க சாப்பிடலாம்?"

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு இக்கேள்வி மகிழ்ச்சியைத் தந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1991 இலும் 2000 இலும் ஆனையிறவுச் சமர்களைப் பற்றி எழுதிய கை இது. ஏ-9 வீதி 2006 ஆவணியில் மூடப்பட்டபோது தலைப்பிட்ட கையும் இதுவே. அதே மண்ணில் இன்று குழந்தைகள் விளையாடப் போகிறார்கள், பசித்தால் எங்கே சாப்பிடுவது என்பதே கவலையாக இருக்கிறது என்றால், கவலை சிறிதாகிவிட்டது என்றுதானே பொருள்?

ஆனால் கேள்வி சிறிதன்று. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மருமகளுக்குச் சொன்ன விடையை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

யாழ். நகரிலிருந்து இயக்கச்சி ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். றீச்சா ஒருங்கிணைந்த பண்ணைக்குள் உணவகம் உண்டு. நாள் முழுவதும் உள்ளே நிற்பவர்களுக்கு அதுவே வசதி. வெளியே சாப்பிட விரும்புவோர், சாவகச்சேரியிலோ கொடிகாமத்திலோ காலையில் வானை நிறுத்தலாம். தென்மராட்சியின் பலாவும் மாம்பழமும் பருவகாலத்தில் வழியிலேயே கிடைக்கும். பளையில் இறங்கினால் இளநீருக்குக் குறைவில்லை, அது தென்னைப் பூமி. அங்கெல்லாம் இருப்பவை சிறிய கடைகள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரேயடியாக உள்ளே நுழைந்தால் சோறு முடிந்துவிடும். புறப்படுமுன் சொல்லிவைத்தால் நல்லது. போருக்கு முந்திய தலைமுறைக்கு, ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடத்தில் அமைந்திருந்த ஆனையிறவு வாடிவீடு நினைவிருக்கும். கடல்நீரேரியைப் பார்த்தபடி சாப்பிடலாம். அந்த வாடிவீடு இன்று இல்லை.

மாலையில் நகருக்குத் திரும்பிச் சாப்பிடலாம் என்போருக்கு, பெரிய கடைப் பகுதியிலுள்ள மலாயன் கபேயில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது. திருவிழாக் காலத்தில் வானில் பாதிப் பேர் சைவமாக இருப்பார்கள் என்பதால் இது முக்கியம். திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. பிள்ளைகள் அடம்பிடித்தால் நல்லூரடியில் றியோ ஐஸ்கிறீம்.

இவ்வளவும் சொன்ன பின் மருமகளிடம் ஒன்று கேட்டேன். "பெரியம்மாவும் வாறாவோ? அப்ப கட்டுச்சோறு விசயத்தை முதலே கேட்டு வை."

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கு ஒரு கதை உண்டு. அது நடந்தது குடாநாட்டில் அன்று. தெற்கே, கொழும்புக்கு அப்பால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில். பெயர் வேண்டாம். அந்தக் குறை அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாண்டுகளுக்கு முன் தங்கை குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது. கொடிகாமத்திலிருந்து அக்காவையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பதினொரு பேராகக் கொழும்பு சென்று வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினோம். பூங்காவுக்குப் போகும் நாளன்று அதிகாலை மூன்று மணிக்கு அக்கா எழும்பிவிட்டார். பிறர் வீட்டு அடுப்பில், பழக்கமில்லாத பாத்திரங்களில், பதினொரு பேருக்கும் பிட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்து, சம்பல் இடித்து, வாட்டிய வாழையிலையில் பொதி பொதியாகக் கட்டினார். கைச்செலவுக்குத் தங்கையின் கணவரை எதிர்பார்த்து வந்த பயணத்தில், தன் பங்காக அவர் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

வாயிலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி வெளி உணவுக்கு அனுமதியில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பொதிகள் வானுக்குத் திரும்பின.

மதியம் உள்ளே இருந்த உணவகத்தில் அமர்ந்தோம். விலைப்பட்டியலை அக்கா நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "எனக்குப் பசியில்லைத் தம்பி, ஒரு தேத்தண்ணி போதும்" என்றார். மூன்று மணிக்கு எழும்பியவருக்குப் பசியில்லையாம்! மைத்துனர் நல்ல மனிதர். வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தார். அக்கா பாதியைப் பேரனின் தட்டுக்குத் தள்ளினார்.

மாலை வானைத் திறந்தபோது வெயிலில் கிடந்த பிட்டு புளித்துப்போயிருந்தது. தெருவோர நாய்களுக்கு அதை ஒவ்வொரு பொதியாக அவிழ்த்து வைத்துவிட்டு, இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து வானில் ஏறினார். ஊர் வந்து சேரும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பும் வழியில் வவுனியா அம்மாச்சியில் நிறுத்தியபோது மட்டும் வயிறாரச் சாப்பிட்டார். அங்கு சமைத்த பெண்களிடம் குரக்கன் மா எப்படி வறுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டும் நின்றார்.

இதில் யார் குற்றவாளி? பூங்கா முதலாளியைத் திட்டுவது எளிது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. நுழைவுக் கட்டணம் மட்டும் ஊஞ்சலையும் நீச்சல் தடாகத்தையும் பராமரிக்கப் போதாது, உணவு விற்பனையே இலாபம் தருவது. கொண்டுவரும் பொதியால் குப்பை சேரும். யாருக்கேனும் வயிறு கெட்டால் பழி அவர் தலையில் விழும்.

இவ்வழக்கு உலகெங்கும் நடந்திருக்கிறது. சீனாவில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் ஷாங்காய் டிஸ்னிலாந்து மீது வழக்குத் தொடர்ந்தார். 2019 செப்ரெம்பரில் அப்பூங்கா இறங்கிவந்து, சொந்த உணவைக் கொண்டுவரலாம் என விதியை மாற்றியது. சூடாக்க வேண்டியவையும் கடும் வாசமுள்ளவையும் கூடாது. அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களோ வெளி உணவை அனுமதித்துக்கொண்டே இலாபம் பார்க்கின்றன. மறுபுறம், 2023 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், திரையரங்கு உரிமையாளர் வெளி உணவைத் தடுக்கலாம் என்றது. ஆனால் குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே தடை விதிக்கச் சட்டம் இடங்கொடுக்கலாம். தடை விதிக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

நம் குடாநாட்டில் இத்தகைய இடங்கள் இனிமேலும் வரும், வரவேண்டும். நடத்துவோருக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, வாயிலுக்கு அருகே ஒரு கொட்டகை. நான்கு வாங்கு, ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு குப்பைத் தொட்டி. வேண்டுமானால் சிறு கட்டணம் அறவிடட்டும். டோக்கியோ டிஸ்னியில் உள்ளே வெளி உணவைத் தடுத்தாலும், வாயிலுக்கு வெளியே இருந்து சாப்பிட ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இரண்டு, உணவு விலையை உள்ளே மேசையில் அன்றி வாயிலிலேயே எழுதிவைத்தல். விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்துவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே உள்ள கடமை. நுழைவுச் சீட்டு வாங்குமுன் தெரிந்தால், ஏழைக்கு மேசையில் வைத்துப் பசியில்லை என்று பொய்சொல்ல நேராது.

மூன்று, அயற்கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு கடை. அம்மாச்சியில் நம் பெண்கள் கண்முன்னே சமைத்து, கட்டுப்படியான விலைக்கு விற்று, வருமானமும் பெறுகிறார்கள். அதே ஏற்பாடு பூங்காவுக்குள்ளும் நடக்கலாம். ஒடியற்கூழைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருபவனுக்கு அதுவே பெரிய காட்சிப்பொருள்.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகேறிப் போகிறவன் மதிய உணவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அம்மனைக் கும்பிட்டபின் அன்னதான மடத்தில் அனைவருக்கும் சோறு உண்டு. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று சொல்வோரும் உளர். பூங்காக்காரர் அன்னதானம் செய்யட்டும் என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்த சோற்றை உண்ண ஒரு நிழல் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மருமகள் நேற்று மீண்டும் அழைத்தாள். விசாரிக்கச் சொன்னதை மறக்கவில்லை, ஊருக்கு வந்ததும் கேட்டுச் சொல்கிறாளாம். "சரிவராட்டில் என்ன செய்வாய்?" என்றேன்.

"கொடிகாமத்தில பெரியம்மா வீட்டு முற்றத்திலேயே பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டுட்டுத்தான் வெளிக்கிடுவம் மாமா" என்றாள்.

குடாநாட்டில் எங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.