நான்கு ஏர், நான்கு வீடு

இங்கிலாந்தில் ஆளில்லாமல் போன பழைய கிராமம் எதைக் காட்டிக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: பிளேக். 1348-49இல் கொள்ளை நோய் வந்தது, ஊரை வாரிக்கொண்டு போனது, கதை முடிந்தது. வொரம் பெர்சிக்கு என்னைக் கூட்டிப்போன நண்பரும் காரில் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

யார்க்‌ஷயரில், மால்ட்டன் என்ற சந்தை ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது அந்த இடம். வண்டியை மேலே நிறுத்திவிட்டு முக்கால் மைல் இறங்கி நடக்க வேண்டும். மேட்டில் புல் மூடிய திட்டுத் திட்டான மண். அவையெல்லாம் வீடுகள் இருந்த இடங்கள். கீழே பள்ளத்தில், கூரை இல்லாமல், பாதிக் கோபுரத்தோடு புனித மார்ட்டின் கோயில். அதன் சுவரைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாலே பிளேக் கதை ஆட்டம் காண ஆரம்பித்துவிடுகிறது.

சுவரில் வரிசையாக வளைவுகள் தெரிகின்றன. ஆனால் எதற்குள்ளும் நுழைய முடியாது. கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஊர் பெருகிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கூட்டம் கொள்ளாமல் கோயிலின் இரண்டு பக்கமும் தாழ்வாரம் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்காகப் பழைய சுவரை உடைத்து வைத்தவைதான் இந்த வளைவுகள். பிறகு ஆள் குறையக் குறைய ஒவ்வொரு தாழ்வாரத்தையும் இடித்துவிட்டு, வளைவுகளை அடைத்து, இடித்த இடத்திலிருந்து கழற்றிய ஜன்னலை அந்த அடைப்பிலேயே பதித்துவிட்டார்கள். சிக்கனக்காரர்கள்! குடிக்கணக்கு எடுக்க அரசாங்க ஆள் யாரும் வராத காலத்தில் இந்தச் சுவர் அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. அது சொல்வது ஒரே வருடத்துச் சாவை அல்ல, தலைமுறை தலைமுறையாக நடந்த சுருக்கத்தை.

பிளேக் வரவில்லை என்று சொல்ல வரவில்லை. வந்தது, பலரைக் கொண்டுபோனது. ஆனாலும் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்கூட இங்கே முப்பது வீடுகள்போல அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊரை முடித்தது ஆட்டு ரோமம். பிளேக்குக்குப் பிறகு நாடு முழுவதும் கூலி ஏறிவிட்டது. தானிய விலை சரிந்தது. கம்பளிக்கோ நல்ல கிராக்கி. உழவுக்கு ஊரே வேண்டும், ஆடு மேய்க்க ஒரு மேய்ப்பனும் நாயும் போதும். நிலக்கிழார்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பெர்சி குடும்பத்திடமிருந்து இந்த ஊர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹில்டன் குடும்பத்தின் கைக்கு மாறியது. 1500ஐ ஒட்டி மிச்சமிருந்த குடியானவர்களும் போய்விட்டார்கள். அல்லது போக வைக்கப்பட்டார்கள். மன்னரின் முதன்மை அமைச்சர் கார்டினல் வுல்சி 1517இல் நடத்திய விசாரணையில் இது பதிவாகியிருக்கிறது: ஹில்டன் பிரபு நான்கு ஏரை நிறுத்தினார், நான்கு வீடுகளைப் பாழாக விட்டார். தாமஸ் மோர் தன் ‘உட்டோப்பியா’ நூலில் ஆடுகள் ஊர்களை விழுங்குகின்றன என்று புலம்பியது அதற்கு முந்தைய வருடம்தான்.

நோய் ஊரை அழித்தது என்றால் யார்மேலும் பழி இல்லை. கேட்கிறவருக்கும் மனம் லேசாகிவிடும். நிலக்கிழாரின் கணக்கு அழித்தது என்றால் ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். பிளேக் கதை இத்தனை காலம் செல்லுபடியாவதற்கு இது ஒன்றே போதும் என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் தோண்டி எடுத்தவர்கள் இரண்டு பேர். மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் பொருளாதார வரலாற்றாசிரியர். ஜான் ஹர்ஸ்ட் தொல்லியலாளர். பெரிய பேராசிரியர்களே இங்கிலாந்தில் இப்படி அழிந்த கிராமங்கள் அபூர்வம் என்று எழுதி வைத்திருந்த காலம் அது. (இன்றைய கணக்கு மூவாயிரத்துக்கு மேல்.) 1950இல் ஆரம்பித்த அகழாய்வு, கோடைதோறும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, 1990 வரை நடந்தது.

கோயிலிலும் அதன் கல்லறைத் தோட்டத்திலும் கிடைத்த எலும்புக்கூடுகள் ஏறக்குறைய எழுநூறு. பிரபுக்களும் போர்வீரர்களும் இல்லை; சாதாரண உழவர் குடும்பங்கள். அதனால்தான் இவற்றுக்கு இத்தனை மதிப்பு. அந்த ஊரின் பதினாலு வயதுப் பிள்ளை இன்றைய பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்திருக்கிறது. ஆனால் கைக்குழந்தைகள் அப்படி இளைத்திருக்கவில்லை. ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்கள். பால் மறந்த பிறகுதான் வயிறு காய ஆரம்பித்திருக்கிறது.

2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இன்னும் விசித்திரமானது. அதில் ஆராய்ந்த எலும்புகள் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தவை அல்ல, வீடுகளுக்கு நடுவே குழிகளில் கிடைத்தவை. 137 துண்டுகள், குறைந்தது பத்துப் பேருடையவை. கத்தி வெட்டும் தீச்சுட்ட தடமும் இருந்தன. பஞ்சத்தில் மனிதரைத் தின்றார்களா? அப்படியென்றால் வெட்டு மூட்டுகளில் விழுந்திருக்கும். இங்கே தலை, கழுத்துப் பக்கம் விழுந்திருக்கிறது. வெளியூர்க்காரர்களோ என்று பல்லைச் சோதித்தார்கள், உள்ளூர்தான். செத்தவர் எழுந்து வந்துவிடாமல் இருக்கச் செய்த வேலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வந்தவர் அண்டை வீட்டுக்காரர், அவரைத் தடுத்தவரும் அண்டை வீட்டுக்காரர். பேய்க்குப் பயந்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டும்போது அவர்கள் கை நடுங்கியிருக்கும்.

ஊர் போன பிறகும் கோயில் நானூற்றைம்பது வருடம் ஓடியதுதான் ஆச்சரியம். கோயிலின் பங்கு எல்லை பெரியது, மற்ற ஊர்களும் அதில் அடக்கம். அவற்றிலும் பல ஒவ்வொன்றாகப் பாழடைந்தன. எஞ்சிய திக்ஸண்டேல் என்ற ஊரின் மக்கள் குன்றேறி இறங்கி இங்கே வந்தார்கள், பிணத்தையும் சுமந்துகொண்டு. 1870இல் அவர்களுக்கு சர் டாட்டன் சைக்ஸ் என்ற நிலக்கிழார் செலவில் சொந்தக் கோயில் கிடைத்தது. அதற்கப்புறம் யார் இவ்வளவு தூரம் நடப்பார்கள்? 1949இல் கடைசி ஆராதனை. 1959இல் கோபுரத்தின் பாதி சரிந்தது.

இப்போது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பார்த்துக்கொள்கிறது, கட்டணம் இல்லை. போகிறவர்கள் பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு போவது நல்லது. மழைக்குப் பிறகு இறக்கம் வழுக்கும், புல்வெளி முழுக்கச் சாணி. வாயில்களை மறக்காமல் சாத்திவிட்டு வர வேண்டும், மேய்ச்சல் இன்னும் நடக்கிறது.