அணைந்து போகும் வெந்நீர்க் கருவி



மார்கழிக் குளிர் வந்துவிட்டால் வெந்நீரின் அருமை எல்லார்க்கும் விளங்கும். முன்னாளில் விறகடுப்பில் தவலையை ஏற்றிக் காத்திருந்த இல்லங்களில் இன்று, 'கேஸ் கீசர்' என மக்கள் வழங்கும் எரிவாயு வெந்நீர்க் கருவி இடம் பெற்றிருக்கிறது. மின்சாரம் நின்றுபோன வேளையிலும் குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தருவது அதன் சிறப்பு. ஆயினும், இல்லங்களைச் சந்திக்கச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "சாமி, தலையில் சோப்பு நுரை இருக்கும்போது பார்த்து அணைந்துவிடுகிறது!" என்பதே அது.

இக்குறையைப் புரிந்துகொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்வோம். 1868-ஆம் ஆண்டு இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ஐசுலாந்து நாட்டின் 'கெய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரையொட்டி அதற்குக் 'கீசர்' எனப் பெயரிட்டார். ஆனால் எரிந்த வாயு வெளியேற அதில் புகைபோக்கி இல்லை. குளிப்பவருக்கு அது பேராபத்தாயிற்று. பின் வந்தோர் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு காவலைச் சேர்த்தனர். நீர் ஓடாவிடில் சுடர் அணையும். சுடர் இல்லாவிடில் வாயு அடைபடும். வெப்பம் மிகுந்தால் அனைத்தும் நிற்கும். ஆகவே, கருவி அணையும்போது அது பெரும்பாலும் பழுதுபடவில்லை. தன் காவற்பணியையே செய்கிறது. எதைக் கண்டு அணைந்தது என்பதே நாம் வினவ வேண்டியது.

அதை அறிய எளிய வழி, எந்த வேளையில் அணைகிறது எனக் கவனிப்பதேயாகும்.

முதலாவதாக, வீட்டில் வேறொரு குழாயைத் திறந்தவுடன் அணைந்தால் நீரின் வேகம் போதவில்லை என்று பொருள். கருவியினுள் உள்ள ரப்பர்ச் சவ்வை ஓடும் நீர் தள்ளினால்தான் வாயுவின் வழி திறக்கும். நிமிடத்திற்கு 6 லிட்டர் தரும் கருவியில், 15 லிட்டர் வாளி நிரம்ப ஐந்தாறு நிமிடங்களுக்கு மேல் ஆகுமானால் குறை நீரிலேதான். சிலிண்டரையும் நீரையும் அடைத்துவிட்டு, நீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. மணலும் உப்பும் அங்கேதான் சேரும். ஷவரின் துளைகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, 'டக் டக்' என்னும் ஓசை தளர்ந்து ஒலித்தாலோ, பற்றிய சில நொடிகளில் அணைந்தாலோ, பாட்டரிகளைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் பெரிய டார்ச்சுப் பாட்டரிகள் இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் மாற்றாது, இரண்டையும் சேர்த்து மாற்றுக. புதியன போட்டும் அணைந்தால், சுடர் எரிகிறதா என உணரும் சிறு கம்பியில் கரி படிந்திருக்கலாம். அதைத் துடைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

மூன்றாவதாக, குளிர்ந்த காலையில் மட்டும் அணைந்து, சமையலடுப்பின் சுடரும் தாழ்ந்திருந்தால், சிலிண்டரையே நோக்க வேண்டும். அது தீரும் நிலையில் இருக்கலாம். அன்றி, உள்ளிருக்கும் திரவம் குளிரில் போதிய அளவு ஆவியாகாமலும் இருக்கலாம். சமையல் வாயுவில் கலந்துள்ள பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசிலேயே கொதிநிலையை அடைவதால், உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இத்தொல்லை மிகுதி. இதற்காகச் சிலிண்டரின்மேல் வெந்நீர் ஊற்றுவதோ, அதனருகே நெருப்பு வைப்பதோ ஒருபோதும் கூடாது.

நான்காவதாக, நீர் மிகச் சூடாக வந்து பின் அணைந்தால், வெப்பக் காவல் தடுத்திருக்கிறது. வாயுத் திருகைக் குறைத்து நீரைக் கூட்டுக. உப்பு நீர் பாயும் ஊர்களில் உள்ளே உப்புப் படிந்தும் இது நேரும். சரியாக 20 நிமிடங்களில் அணைந்தாலோ குறையே இல்லை. பல கருவிகளில் அவ்வாறே நேரம் வகுக்கப்பட்டுள்ளது.

ஐந்தாவதே மிக முக்கியமானது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால், அல்லது கண் எரிச்சலும் தலைவலியும் தோன்றினால், உடனே குழாயை மூடிக் கருவியை நிறுத்தி வெளியேறுங்கள். போதிய காற்றின்றி வாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. மயக்கம் வருமுன் கால்கள் தளர்ந்துவிடும். தாழ்ப்பாளைத் திறக்கவும் இயலாது. கசியும் வாயு நாற்றத்தால் நம்மை எச்சரிக்கும், இந்நஞ்சோ எச்சரிக்காது. எவரேனும் மயங்கிக் கிடந்தால், கதவு சன்னல்களை அகலத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108-ஐ அழையுங்கள்.

இங்கே ஒரு கொடிய பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. அடிக்கடி அணைகிறதென்று முறையிட்டால், காவற்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இணைத்து, "இனி அணையாது, அம்மா" என்று சொல்லிக் கூலி பெற்றுச் செல்வோர் சிலர் உளர். ஆம், அணையாதுதான். நீர் நின்றாலும் அணையாது. வெப்பம் மிகுந்தாலும் அணையாது. வாயிற்காவலனின் வாயைக் கட்டிவிட்டு, இல்லம் அமைதியாயிற்று என்று மகிழ்வது அறிவுடைமையாகுமா? அத்தகைய 'பழுது நீக்கம்' உங்கள் இல்லத்தில் நடந்திருந்தால், இன்றே கருவியை நிறுத்தி, அதை விற்ற நிறுவனத்தின் பயிற்சி பெற்ற பணியாளரை அழையுங்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று.

இறுதியாக, இல்லத்தரசியர்க்கும் குடும்பத் தலைவர்க்கும் நாம் சொல்வது இதுவே. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள, ஆனால் நேர்க்காற்று வீசாத இடத்தில் பொருத்தி, வெந்நீரைக் குழாய் வழியே உள்ளே கொணருங்கள். இப்போது உள்ளே இருக்குமாயின், அது மாற்றப்படும் வரை கதவைச் சாத்திக் குளிக்கையில் அதை எரிய விடாதீர்கள். கதவைத் திறந்துவைத்தே வாளியில் நீர் பிடித்து, கருவியை அணைத்தபின் குளியுங்கள். இவ்வொழுங்கைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கற்பியுங்கள். ஆண்டுக்கொரு முறை கருவியைத் துப்புரவு செய்வியுங்கள்.

இந்த இதழை மூடி வைக்குமுன், எழுந்து சென்று உங்கள் கருவியின் சுடர் நீலமா, மஞ்சளா எனப் பார்த்து வாருங்கள்.