உயிர் பிழைத்தால் போதுமா?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. அதன் ஆழத்தைப் புகழ்வார்கள். எண்ணெய்க் குதங்களை யாருக்குக் கொடுப்பது என்று வாதிடுவார்கள். அத்துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களின் கைகால்களைப் பற்றிப் பேசுவோரைத்தான் காணோம்.

பாரிசவாதம் கண்ட கடற்றொழிலாளி ஒருவனை வைத்தியர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். உயிர் தங்கிற்று, வலக்கை எழவில்லை. வீடு திரும்பியவன் திண்ணையில் கிடக்கிறான், மனைவி சோறூட்டுகிறாள், வலை வாடியில் மட்குகிறது. கடலாழத்தில் நெடுநேரம் சங்கு குளித்து, விரைந்து மேலெழுந்தமையால் நரம்பு கெட்டுக் கால் விழுந்த இளைஞனின் கதியும், போரிலே கையைப் பறிகொடுத்தவனின் கதியும் இதுவே. இத்தகையோரை அன்றாட வாழ்வுக்கும் உழைப்புக்கும் மீட்டெடுக்கும் துறையே தொழில்வழிச் சிகிச்சை. நோயாளிக்குக் கூடை முடையக் கற்பிக்கும் பொழுதுபோக்கென இதனை எண்ணுவோர் உளர். விரல்கள் மடங்கி இறுகாவண்ணம் சிம்பு அமைத்தல், ஒரு கையாலே உடுத்தவும் உண்ணவும் பழக்குதல், கரண்டிப் பிடியைத் தடிப்பாக்குதல், வாசற்படியைச் சாய்தளமாக்குதல் என விரியும் கல்வி இது.

1917இல் அமெரிக்காவில் சங்கமாக உருப்பெற்ற இத்துறை, முதலாம் உலகப் போரில் காயமுற்றோரிடையே வளர்ந்தது. இந்தியாவின் முதற் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையார் தொடக்கினார். வேலூரிலோ, 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. அவ்வம்மையாரைவிடச் சிறந்த சான்று இத்துறைக்கு வேண்டுமா?

எலும்பைப் படம் பிடிக்க நோயாளியின் மொழி தெரியவேண்டியதில்லை எனலாம். இங்கோ சிகிச்சையே கேள்வியில் தொடங்குகிறது. வலையை எந்தக் கையால் இழுப்பாய்? உன் வீட்டில் அடுப்பு தரையிலா, திண்டிலா? தண்ணீர் கிணற்றிலா, குழாயிலா? கிண்ணியாவின் முஸ்லிம் தாயிடமும் மூதூரின் தமிழ் விவசாயியிடமும் இவற்றைக் கேட்டு, விடையின் பொருளையும் உணரவல்லவர் அவர்களின் மொழியும் தொழிலும் அறிந்தவரே. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. வைத்தியசாலைக் கட்டிலருகே அம்மொழி ஒலிக்காவிடின் சட்டப் புத்தகத்தில் இருந்தென்ன பயன்?

ஆகவே நம் மாவட்டப் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் பயின்ற பிள்ளைக்கு வைத்திய பீடம் கிட்டாவிட்டால் உலகமே இருண்டுவிட்டதாகப் புலம்புகிறீர்கள். கொழும்பில் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டநெறி இருக்கிறது. அவற்றின் வாயிலை நம் பிள்ளைகள் தட்டட்டும். வெள்ளைச் சட்டையின் மதிப்பு கழுத்தில் தொங்கும் குழாயில் மட்டும் இல்லை.

ஆனால் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அரசு கைகட்டி நிற்கலாகாது. வைத்தியசாலையின் ஒதுக்குப்புற அறையொன்றில் ஒருவரைத் தனியே அமர்த்தி, உதவியாளுமின்றி உபகரணமுமின்றிப் பதவி உயர்வுக்கும் வழியின்றி விட்டால், சில ஆண்டுகளில் அவர் கடல் கடந்துவிடுவார்; அவரைக் குறைகூற எமக்கு நாவெழாது. இளையவரை வழிநடத்த மூத்தவர், குழந்தைகளுக்கும் உளநோயாளருக்கும் தனித்தனிப் பயிற்சி பெற்றவர், மேற்படிப்புக்குச் சம்பளத்துடன் விடுமுறை ஆகியன இருந்தாலன்றி இது ஒரு வாழ்க்கைத் தொழிலாக நிலைக்காது.

மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் வைத்தியரையும் தாதியரையும் உருவாக்குகிறது. அதே கூரையின் கீழ் இத்துறைக்கும் ஒரு பட்டநெறி தொடங்கப்படவேண்டும். பட்டம் பெறுவோருக்கான பதவிகளை மாகாண சுகாதாரத் திணைக்களம் இன்றே கேட்டு வாங்கவேண்டும். ஈச்சிலம்பற்றிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வரமுடியாதவனுக்கே இச்சிகிச்சை மிகுதியும் தேவை. எனவே அப்பதவிகளோடு, ஊர்தோறும் சென்று நோயாளியை அவன் வீட்டிலேயே காண ஒரு வாகனத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும்.